மீன் வண்டி சேசிஸ்: துருவுக்கு எந்தப் பூச்சு நிற்கும்? (407, உவரி – கொல்லம் ஓட்டம்)

#1 உவரி வண்டி

அண்ணாச்சிமார் எல்லாருக்கும் வணக்கம். பழைய டாடா 407 லாரி ஒன்று வாங்கியிருக்கிறேன். உவரி, கூட்டப்புளி, இடிந்தகரைப் பக்கம் மீன் ஏற்றிக் கொல்லம் வரை ஓட்டம். சில நாள் நாகர்கோவில் வழி, சில நாள் செங்கோட்டை, ஆரியங்காவு வழி. எஞ்சினில் குறை இல்லை. அடியில் படுத்துப் பார்த்தால்தான் பகீர் என்கிறது. முந்தைய ஓனர் ஒவ்வொரு எஃப்.சி.க்கும் (வண்டித் தகுதிச் சான்று) துருவின் மேலேயே கறுப்பு எனாமல் அடித்திருக்கிறார். இப்போது ஸ்க்ரூ டிரைவரை வைத்து நெம்பினால் அப்பளம் அப்பளமாகப் பெயர்ந்து வருகிறது.

யாரிடம் கேட்டாலும் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். ரெட் ஆக்சைடு இரண்டு கோட் போதும் என்கிறார் ஒருவர். பவுடர் கோட்டிங் செய்யச் சொல்கிறார் இன்னொருவர். கார் ஆக்சஸரீஸ் கடையில் ரப்பர் கோட்டிங் அடித்தால் கவலையே இல்லையாம். விசைப்படகில் வேலை பார்க்கிற மச்சான் எபாக்ஸி (இரண்டு டப்பா கலந்து அடிக்கிற பெயிண்ட்) என்கிறான். வண்டிக்கு எட்டு வயது தாண்டிவிட்டதால் எஃப்.சி. வருஷா வருஷம், அடுத்தது ஐப்பசியில். அதற்குள் ஒரு தடவை உருப்படியாகச் செய்துவிட வேண்டும். எதை அடிக்கலாம்?

#2 ஓட்டுநர் மே.பா.

பழைய எஞ்சின் ஆயிலோடு கொஞ்சம் டீசல் கலந்து அடியில் ஸ்ப்ரே அடிங்க. வாட்டர் சர்வீஸ் முடிந்ததும் இதைத்தானே எல்லா லாரிக்கும் அடித்தார்கள்? ஆயில் ஒழுகுகிற வண்டியைப் பாருங்கள், கியர் பாக்ஸைச் சுற்றி ஒரு பொட்டுத் துரு இருக்காது.

#3 துருவாசர்

கியர் பாக்ஸ் விஷயம் உண்மைதான் அண்ணாச்சி. அங்கே ஆயில் புதிதாக ஊறிக்கொண்டே இருக்கிறது. நாம் அடிக்கிற ஆயில் அப்படி இல்லை. ஆடிக் காற்றில் பணகுடி, காவல்கிணறு தாண்டுவதற்குள் ரோட்டு மண் முழுக்க அதில் ஒட்டிவிடும். அந்த மண் உப்பு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஸ்பிரிங் புஷ் மாதிரி ரப்பர் சாமான்கள் ஆயில் பட்டு ஊதிப்போகும். சொட்டுகிற இடத்தில் மண்ணும் கெடும்.

தம்பிக்கு வருகிறேன். கப்பல், குழாய், டேங்க் பெயிண்டிங் இன்ஸ்பெக்‌ஷன்தான் என் பிழைப்பு, அதனால் கொஞ்சம் நீட்டுவேன், பொறுத்துக்கொள்ளவும்.

இரும்பு துருப் பிடிக்கத் தண்ணீரும் ஆக்சிஜனும் போதும். உப்பு சேர்ந்தால் அந்தத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், துரு வேகம் எடுக்கும். அதைவிட மோசமானது ஒன்று உண்டு. உப்பு காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும். சாப்பாட்டு உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தொட்டால் தானாகவே கரையத் தொடங்கும். கடல் உப்பில் இருக்கிற மக்னீசியம் குளோரைடுக்குச் சுமார் 33 சதவீதமே போதும். ஆக, மழையே பெய்யாத சித்திரை மாதத்திலும் உங்கள் சேசிஸ் நனைந்துதான் நிற்கிறது. இந்த உப்பின் மேல் எவ்வளவு உயர்ந்த பெயிண்ட் அடித்தாலும், அந்த உப்பு பூச்சின் வழியே ஈரத்தை உறிஞ்சி அடியில் கொப்புளம் கிளப்பும்.

ரெட் ஆக்சைடு என்பது பெரும்பாலும் ஆல்கைடு பிசினில் (சாதா எனாமலில் இருக்கிற அதே பிசின்) கலந்த நிறப்பொடி. மதுரை வெயிலில் நிற்கிற கேட்டுக்கு அது சரி. மீன் தண்ணீர் சொட்டுகிற சேசிஸுக்கு அது தாங்காது. எபாக்ஸி என்று சொன்ன உங்கள் மச்சான் பக்கம்தான் நான்.

#4 வள்ளியூர் பட்டறை

துருவாசர் அண்ணாச்சி பெயிண்டைப் பேசுகிறார். நான் வண்டியைப் பேசுகிறேன். பாடியை இறக்கிப் பார்த்தீர்களா தம்பி?

மீன் வண்டிச் சேசிஸில் அடியில் படுத்துப் பார்த்தால் தெரிகிற துரு பாதிதான். மீதி, பாடிக்கும் சேசிஸுக்கும் நடுவில் நீளவாக்கில் கிடக்கிற மரக்கட்டைக்கு அடியில் இருக்கிறது. கட்டை தண்ணீரைக் குடித்துக்கொண்டு காயவே காயாது. சேனலின் (சேசிஸின் நீள இரும்புச் சட்டம்) மேல் முகம் முழுக்க அதன் கீழே நாள் கணக்கில் ஊறும். யூ போல்ட் இறுக்கியிருக்கிற இடத்தில் கொஞ்சம் கூடுதலாகவே ஊறும். கட்டையைத் தூக்கினால் சில வண்டியில் இரும்பு அடுக்கடுக்காக உரிந்து கிடக்கும். அடியிலிருந்து மட்டும் எபாக்ஸி அடித்து என்ன பிரயோஜனம்?

அடுத்தது ரிவெட் அடித்த இடங்கள். இரண்டு தகடு சேர்கிற இடத்தில் தண்ணீர் தானாக ஏறி உட்காரும். உள்ளே துரு வளர்ந்தால் இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அதுவே தகட்டைப் பிளந்து தள்ளும். ரிவெட் தலை சில சமயம் அதனாலேயே தெறித்துப்போகும்.

பெயிண்ட் வாங்கும் முன் ஒரு சுத்தியல் எடுத்துச் சேசிஸ் முழுக்கத் தட்டிப் பாருங்கள். கணீர் என்று கேட்டால் இரும்பு இருக்கிறது. மொத்தையாகக் கேட்டாலோ பள்ளம் விழுந்தாலோ பூச்சு பற்றிப் பேசவே வேண்டாம், முதலில் தகடு வேலை. அந்த வேலையையும் தெரிந்த ஆளிடம் கொடுங்கள். சேனலின் மேல் கீழ் முகத்தில் கண்டபடி ஓட்டை போட்டு, வெல்டு வைத்து ஓடவிட்டால் அதே இடத்தில்தான் வெடிப்பு விடும்.

#5 உவரி வண்டி

பாடி இறக்கவில்லை அண்ணாச்சி. சுத்தியல் வைத்துத் தட்டினேன். முன் பக்கம் கணீர். பின் ஸ்பிரிங் பிராக்கெட் பக்கத்தில் மட்டும் சத்தம் கொஞ்சம் மந்தம். ஐஸ் பெட்டித் தண்ணீர் சொட்டுவதும் நேராக அங்கேதான்.

#6 வள்ளியூர் பட்டறை

அப்படியானால் பாடியை இறக்காமல் பேச்சே இல்லை.

#7 அம்பை ஜீப்

நான் அம்பாசமுத்திரம். எங்கள் பக்கம் உப்பு இல்லை. பாபநாசம், மாஞ்சோலை ஏற்றத்தில் சேறும் ஈரமும்தான். என் யோசனை: ஹாட் டிப் கால்வனைசிங் (உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுப்பது) செய்துவிடலாமே? வெளிநாட்டில் பழைய லேண்ட் ரோவரைப் புதுப்பிக்கிறவர்கள் சேசிஸையே கால்வனைஸ் செய்து போடுகிறார்கள். கரண்டு டவர் எல்லாம் அதே முறையில்தான் வெயிலிலும் மழையிலும் நிற்கிறது.

#8 துருவாசர்

ஆசை நியாயமானது. பூச்சுகளில் எனக்குப் பிடித்ததும் அதுதான். ஆனால் லேண்ட் ரோவருக்கு அந்தச் சேசிஸைப் பெரும்பாலும் புதிதாகச் செய்து, ஓட்டைகளைத் திட்டமிட்டு வைத்து முக்குகிறார்கள். ஓடிய 407 சேசிஸை முக்க வேண்டுமென்றால் எஞ்சின், ஆக்சில், ஒயரிங், ஸ்பிரிங் எல்லாவற்றையும் கழற்றி மொட்டைச் சேசிஸாக எடுத்துப் போக வேண்டும். ஆசிடில் முக்கித் துரு எடுத்து, 450 டிகிரியில் உருகிக் கிடக்கும் துத்தநாகத்தில் இறக்குவார்கள். அந்தச் சூட்டில் நீளச் சேனல் திருகினால் நிமிர்த்துவது லேசுப்பட்ட வேலை இல்லை. ரிவெட் இடுக்கில் நுழைந்த ஆசிட் வெளியே வராது, பின்னால் அங்கிருந்தே அரிக்கும். மூடிய பெட்டி மாதிரி இடம் இருந்து காற்றுப்போக ஓட்டை இல்லாவிட்டால் தொட்டிக்குள்ளேயே வெடிக்கும் ஆபத்தும் உண்டு.

பவுடர் கோட்டிங்குக்கும் ஏறக்குறைய இதே கதை. 180, 200 டிகிரியில் வேகவைக்கச் சேசிஸ் நீளத்துக்கு அடுப்பு வேண்டும். பார்க்க அழகாக இருக்கும். ஒரு கல் பட்டுத் தெறித்தால் அந்த ஓட்டை வழியே தண்ணீர் தோலுக்கு அடியில் ஊர்ந்து போகும், வெளியே எல்லாம் பளபளவென்றே தெரியும். கேட்டுக்கும் நாற்காலிக்கும் ஆகட்டும், மீன் வண்டிக்கு நான் சொல்ல மாட்டேன்.

புது பிராக்கெட், கிராஸ் பீஸ், யூ போல்ட் போடப் போகிறீர்கள் என்றால் அவற்றைக் கால்வனைஸ் செய்தே வாங்குங்கள். அதில் தயக்கமே வேண்டாம்.

#9 முத்துநகர்

தூத்துக்குடியில் உப்பு லோடு லாரி வைத்திருக்கிறோம். தம்பியின் மீன் தண்ணீர் எங்கள் உப்புக்கு முன் ஒன்றுமில்லை 😀

ரப்பர் கோட்டிங் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் வண்டி ஒன்றுக்கு ஒரு கடையில் அடித்தோம். கழுவிக் காயவிட்டதோடு சரி, துருவைச் சுரண்டவே இல்லை. கறுப்பாக, தடியாக, கையால் தொட்டால் மெத்தென்று இருந்தது. டிரைவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். பிறகு ஒரு நாள் ஜாக்கி வைத்த இடத்தில் பெரிய துண்டாகப் பிய்ந்து வந்தது. உள்ளே பார்த்தால் ஈரம். தார் மாதிரியான அந்தப் பூச்சு காய்ந்து ஓரத்தில் வெடித்திருக்கிறது, தண்ணீர் உள்ளே போயிருக்கிறது, வெளியே வர வழியில்லை. துரு கண்ணில் பட்டிருந்தால் நாங்களே சுரண்டியிருப்போம். மூடி வைத்ததால் நிம்மதியாக வளர்ந்திருக்கிறது.

துருவாசர் அண்ணாச்சியிடம் ஒரு கேள்வி. துறைமுகத்தில் கப்பலுக்கு அடியில் சிங்க் (துத்தநாகக்) கட்டை வைக்கிறார்களே, அதைச் சேசிஸில் போல்ட் போட்டு முடுக்கினால் என்ன?

#10 துருவாசர்

நீங்கள் சொன்னதில் ரப்பரைவிட ‘சுரண்டவே இல்லை’ என்பதுதான் காரணம். சுத்தமான எபாக்ஸியின் மேல், கல் தெறிக்கிற சக்கர வளைவுக்கு உள்ளே மட்டும் அந்த ரப்பர் பூச்சு நல்லதே செய்யும்.

சிங்க் கட்டை சேசிஸுக்கு உதவாது. கட்டையும் இரும்பும் ஒரே தண்ணீரில் மூழ்கிக் கிடந்தால்தான் கட்டை தன்னைக் கரைத்துக்கொண்டு இரும்பைக் காக்கும். காற்றில் ஓடுகிற வண்டியில் கட்டையைச் சுற்றி ஒரு சாண் தூரம்கூடப் பலன் எட்டாது. பேட்டரியில் இணைத்து ‘எலக்ட்ரானிக் துருத் தடுப்பு’ என்று விற்கிற பெட்டிக்கும் இதே பதில்.

சிங்க் வேண்டுமென்றால் பிரைமரில் வேண்டும். ஜிங்க் ரிச் எபாக்ஸி பிரைமர். காய்ந்த படலத்தின் எடையில் குறைந்தது 80 சதவீதம் துத்தநாகத் தூள் இருந்தால்தான் துருத் தடுப்புப் பெயிண்டுக்கான ஐஎஸ்ஓ 12944 தரம் அதை அந்தப் பெயரில் ஏற்றுக்கொள்ளும். டப்பாவில் ‘ஜிங்க்’ என்று இருந்தாலே போதும் என்று நினைக்காதீர்கள், ஜிங்க் பாஸ்பேட் பிரைமர் வேறு சாமான். அப்புறம் அந்தத் தூள் வெறும் இரும்பை நேராகத் தொட வேண்டும். துருவின் மேலோ பழைய பெயிண்டின் மேலோ அடித்தால் காசு கரி. மணல் அடித்து வெள்ளை இரும்பு ஆக்கிய பிறகுதான் அதற்கு வேலை.

#11 வள்ளியூர் பட்டறை

இங்கேதான் அண்ணாச்சியோடு எனக்கு ஒத்துப்போகாது. ஓடுகிற வண்டிக்குச் சாண்ட் பிளாஸ்டிங் என்பது பெரிய தலைவலி. மொட்டைச் சேசிஸ் என்றால் சரி. ஆக்சிலோடு நிற்கிற வண்டியில் அடித்தால் அந்தப் பொடி ஹப் சீல், ஜாயின்ட் கிராஸ், பிரேக் டிரம் எல்லாவற்றிலும் போய் உட்காரும். எத்தனை துணி சுற்றினாலும் நுழையும். சேசிஸைக் காப்பாற்றி பேரிங்கைக் கொல்கிற கதை ஆகும்.

நான் செய்கிற முறை: முதலில் ஸ்க்ரேப்பர், சிப்பிங் சுத்தியல், பிறகு கிரைண்டரில் கப் பிரஷ். பிரஷ் எட்டாத இடத்துக்கு உப்புத்தாள். அதற்கு மேல் எபாக்ஸி மாஸ்டிக்.

#12 துருவாசர்

பட்டறை அண்ணாச்சி சொன்ன மாஸ்டிக்கை நான் மறுக்கவில்லை. கையால் சுத்தம் செய்த இரும்புக்கென்றே வருகிற கெட்டி எபாக்ஸி அது, அலுமினியம் கலந்த வகையும் உண்டு. கொஞ்சம் துரு ஒட்டிக்கொண்டிருந்தாலும் பிடிக்கும். ஆனால் ‘கொஞ்சம்’ என்பது இறுக்கமாக ஒட்டிய துரு. நகத்தால் சுரண்டினால் வருவது அதில் சேராது. அப்புறம், கப் பிரஷ் துருவைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளவென்று மினுக்கிவிடும். பார்க்கச் சுத்தமான இரும்பு மாதிரி இருக்கும், பெயிண்ட் பிடிக்கச் சொரசொரப்பே இருக்காது. பிரஷ் ஓட்டிய பிறகு ஃபிளாப் டிஸ்க் (கிரைண்டரில் மாட்டுகிற உப்புத்தாள் வட்டு) ஒரு முறை ஓட்டுவது நல்லது.

பாடியையே இறக்குவதாக இருந்தால் இன்னும் ஒரு படி போய் ஆக்சிலையும் கழற்றி பிளாஸ்டிங் செய்யுங்கள் என்பேன். இதில் நான் மாறப் போவதில்லை. ஒன்று மட்டும், ஆற்று மணல் அடிக்கிற ஆளிடம் போகாதீர்கள். அந்தச் சிலிக்காத் தூசி அடிக்கிறவன் நுரையீரலைத் தின்றுவிடும். காப்பர் ஸ்லாக் (தாமிரம் உருக்கிய கசடு) அல்லது கார்னெட் கேளுங்கள். நம் கடற்கரையில் சிவப்பு வரி வரியாகத் தெரியுமே, அதே கார்னெட்தான். 2013இல் அரசு தாது மணல் எடுக்கத் தடை போட்டது எல்லாருக்கும் நினைவிருக்கும். அந்த அரசியலை வேறு இழையில் பேசலாம்.

#13 உவரி வண்டி

ஆக்சில் கழற்றும் அளவுக்கு வசதி இல்லை அண்ணாச்சி. அத்தனை நாள் வண்டி நின்றால் மீன்காரர் வேறு வண்டி பார்த்துவிடுவார். பாடி இறக்கி, பட்டறை அண்ணாச்சி முறையில் போகிறேன். உப்பை எப்படி எடுப்பது? வீட்டில் போர் தண்ணீரில்தான் தினமும் கழுவுகிறேன்.

#14 முத்துநகர்

உவரியில் போர் தண்ணீரா? குடித்துப் பாருங்கள் தம்பி 😀 கடலை ஒட்டிய ராதாபுரம் பக்கம் பல இடத்தில் நிலத்தடி நீரே உப்பு. அதில் கழுவினால் மீன் நாற்றம் போகும், உப்பு போகாது.

#15 துருவாசர்

முத்துநகர் சொன்னது முக்கியம். வேலைக்கு முன் கடைசிக் கழுவல் நல்ல தண்ணீரில் இருக்க வேண்டும். லாரித் தண்ணீர் வாங்கினாலும் வீண் செலவு இல்லை. துரு எடுப்பதற்கு முன் ஒரு முறை பிரஷர் வாஷ், துரு எடுத்த பிறகு இன்னொரு முறை. பள்ளம் பள்ளமாக அரித்த இடத்தில் உப்பு குழிக்குள் ஒளிந்திருக்கும். அங்கே நைலான் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள்.

எங்கள் வேலையில் உப்பை அளக்கப் பிரெஸ்லே பேட்ச் என்று ஒன்று ஒட்டுவோம். உங்களுக்கு அது வேண்டாம். ஆர்.ஓ. தண்ணீர் பார்க்கிற டி.டி.எஸ். மீட்டர் இருக்கிறதா? கழுவி முடித்த இடத்தில் கொஞ்சம் ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றித் தேய்த்து, வழிவதைச் சுத்தமான டம்ளரில் பிடித்து அளவு பாருங்கள். ஊற்றியதைவிட எண் எகிறியிருந்தால் இன்னும் உப்பு இருக்கிறது. ஆய்வுக்கூடத் துல்லியம் கிடையாது, ஆனாலும் கண்ணை நம்புவதற்கு இது மேல்.

கழுவிய இரும்பு கடற்காற்றில் சில மணி நேரத்திலேயே மஞ்சள் பூக்கும். அதனால் காலையில் கழுவி, கம்ப்ரஸரில் ஊதிக் காயவைத்து, அன்றைக்கே முதல் கோட் போட்டுவிட வேண்டும். விடியற்காலையிலும் பொழுது சாய்ந்த பிறகும் வேண்டாம். இரும்பின் சூடு பனி இறங்குகிற அளவைவிட 3 டிகிரியாவது கூட இருக்க வேண்டும் என்பது எங்கள் தொழிலில் கணக்கு.

#16 வள்ளியூர் பட்டறை

இத்தோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்ப்ரே கன்னை எடுக்கும் முன் பிரஷ்ஷால் ஒரு கோட். ரிவெட் தலை, வெல்டு, சேனல் ஓரம், ஓட்டை விளிம்பு மட்டும். பெயிண்ட் கூர் ஓரத்தில் நிற்காமல் பின்வாங்கும், அதனால் துரு எப்போதும் ஓரத்தில்தான் ஆரம்பிக்கும். நிறைய பெயிண்டர்கள் இதைச் செய்ய மாட்டார்கள். பக்கத்தில் நின்று செய்ய வையுங்கள்.

ஏ டப்பா, பி டப்பா இரண்டையும் கம்பெனி சொன்ன அளவில் கலக்க வேண்டும். கண் மதிப்பு கூடாது. நம் ஊர் வெயிலில் கலந்த எபாக்ஸி சீக்கிரம் இறுகிவிடும், கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள். அதற்குரிய தின்னர்தான் ஊற்ற வேண்டும். கடையில் விலை குறைந்த என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னரைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள்.

#17 அம்பை ஜீப்

எத்தனை கோட்? மேலே பி.யு. (பாலியூரிதேன் பெயிண்ட்) வேண்டுமா? துரு மாற்றி என்று ஒரு திரவம் விற்கிறார்களே, அது எப்படி?

#18 துருவாசர்

கோட் எண்ணிக்கையைவிட மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கனம் பாருங்கள். ஒரு கோட் எனாமல் காய்ந்தால் 30 மைக்ரான் தேறினால் அதிகம். எஃப்.சி. பெயிண்ட் ஏன் நிற்கவில்லை என்பதற்கு அதுவே பாதி பதில். கடற்கரைக்கு எபாக்ஸி மொத்தம் 250, 300 மைக்ரான் அளவில் இருந்தால் நிம்மதி. மாஸ்டிக் கெட்டியானது, இரண்டு கோட்டில் அங்கே போய்விடலாம். எபாக்ஸி வெயில் பட்டால் சுண்ணாம்பு மாதிரி வெளுக்கும். சேசிஸின் உள்பக்கத்துக்கு வெயில் ஏது? வெளிப்பக்கம், பம்பர் பிராக்கெட் மாதிரி இடங்களுக்கு மட்டும் பி.யு. போதும். முழுதாகக் காய ஒரு வாரம் கொடுத்தால் நல்லது.

துரு மாற்றி என்பது டானிக் ஆசிட் அல்லது பாஸ்பாரிக் ஆசிட். மேலாக இருக்கிற மெல்லிய துருவைக் கறுப்பாக மாற்றிக் கட்டிப்போடும். தடித்த துருவின் அடி வரைக்கும் அது போகாது. மீந்த ஆசிடைக் கழுவாமல் எபாக்ஸி அடித்தால் பிடிமானம் போகும். எட்டாத மூலைக்கு வைத்துக்கொள்ளலாம், சுரண்டுவதற்குப் பதிலாக ஆகாது.

நேரம் இருக்கிறவர்கள் காரைக்குடி செக்ரி (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்) ஆய்வுகளைத் தேடிப் படியுங்கள். மண்டபத்தில் கடலோரத்தில் இரும்புத் தகடுகளை வைத்துப் பார்க்க அவர்களுக்கு ஒரு நிலையமே இருக்கிறது. வெளிநாட்டு வீடியோக்களில் பனிக்கு ரோட்டில் தூவுகிற உப்பைப் பற்றித்தான் பேசுவார்கள். நம் சூடும் ஈரமும் வேறு.

#19 ஓட்டுநர் மே.பா.

எல்லாம் சரி. ரிவெட் இடுக்கில் எபாக்ஸி போகுமா? போகாது. என் ஆயில் போகும்.

#20 துருவாசர்

இதை ஒத்துக்கொள்கிறேன் அண்ணாச்சி 🙏 இடுக்கிலும் மூடிய பெட்டிக்குள்ளும் இளகி ஊறுகிற ஒன்றுதான் வேலை செய்யும். பழைய ஆயிலுக்குப் பதில் கேவிட்டி வேக்ஸ் (இடுக்கில் அடிக்கிற மெழுகு) அல்லது லானோலின் (ஆட்டு ரோமக் கொழுப்பு) வகை வாங்கி, நீளக் குழாய் வைத்து அடியுங்கள். பெயிண்ட் எல்லாம் காய்ந்த பிறகுதான் இது, முந்திவிட்டால் அதன் மேல் பெயிண்ட் ஒட்டவே ஒட்டாது. சைலன்ஸர் பக்கம் போக வேண்டாம். ஒவ்வொரு ஐப்பசி மழைக்கு முன்னும் ஒரு முறை திரும்ப அடிக்க வேண்டும். இதில் ‘லைஃப் டைம்’ கிடையாது.

#21 முத்துநகர்

இவ்வளவு பேசினோம், சொட்டுகிற தண்ணீரை யாரும் தொடவில்லை. ஐஸ் பெட்டி ஓட்டையில் ஒரு ஹோஸ் மாட்டி, சேசிஸைத் தாண்டி ஒரு கேனில் விழ வையுங்கள். ரோட்டில் மீன் தண்ணீர் சிந்துகிறது என்று திட்டு வாங்குவதும் மிச்சம்.

#22 வள்ளியூர் பட்டறை

அது செய்தே ஆக வேண்டும். மரக்கட்டைக்குப் பதில் மரம் அளவுக்குத் தண்ணீர் குடிக்காத நைலான் பட்டை போடலாம் என்று இருக்கிறேன். ஆனால் மரம் மாதிரி அது அமுங்கிக் கொடுக்காது, வழுக்கவும் செய்யும். யூ போல்ட் தளர்ந்திருக்கிறதா என்று முதல் சில லோடுக்கு விடாமல் பார்க்க வேண்டும். கட்டையே வேண்டும் என்றால் அதற்கும் எல்லாப் பக்கமும் எபாக்ஸி அடித்துவிட்டுத்தான் வைப்பேன்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணித் தண்ணீர் புகுந்த வண்டி வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், கிராஸ் மெம்பர் உள்ளே விரலை விட்டுப் பாருங்கள். வண்டல் இன்னும் இருக்கும். தண்ணீர் வடிகிற ஓட்டைகளையும் அது அடைத்திருக்கும்.

#23 உவரி வண்டி

நைலானே போடுங்கள் அண்ணாச்சி. ஒரே ஒரு சந்தேகம். சேசிஸ் நம்பர் அடித்த இடத்தில் 300 மைக்ரான் ஏற்றிவிட்டால் எஃப்.சி.யில் பென்சில் அச்சு எடுக்க முடியுமா?

#24 வள்ளியூர் பட்டறை

முடியாது. அந்த இடத்தில் கிரைண்டரையே கொண்டுபோக மாட்டேன், எழுத்து தேய்ந்தால் வேறு வினை. கையால் பிரஷ் போட்டு, நன்றாகக் கழுவி, டேப் ஒட்டிவிட்டுத்தான் ஸ்ப்ரே. பிறகு டேப்பை எடுத்துக் கிரீஸ் தடவிவிடலாம். எஃப்.சி. அன்றைக்குத் துணியால் துடைத்தால் போதும்.

அப்புறம், திறந்த இடத்தில் அடிக்க முடியாது, இந்தக் காற்றில் ஈரப் பெயிண்ட் மேல் மண்தான் ஒட்டும். உள் ஷெட் ஆவணி முதல் வாரம் காலியாகிறது. ஐஸ் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு வாருங்கள். டேங்கர் தண்ணீர் நான் சொல்லி வைக்கிறேன், டி.டி.எஸ். மீட்டர் உங்கள் பொறுப்பு.